சிறைப்பட்டோர்க்காகக் கடல் கடந்தவர்: சர் பொன்னம்பலம் இராமநாதன்

நெய்வேலியில் வாழும் நமக்குக் கடலூர் அயலூர் அன்று. அந்தக் கடலூர்ச் சிறையில்தான் 1918 நவம்பர் 20 அன்று, புதுவையை விட்டு வெளியேறிய பாரதி கொண்டுபோய் வைக்கப்பட்டார். எந்த நீதிமன்றத்திலும் அவர்மீது குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை. போர்க்காலச் சட்டத்தின் கீழ் ஓர் ஆணையே போதுமானதாக இருந்தது. சில வாரங்கள் கழித்து, இன்ன இடத்தில்தான் இருக்க வேண்டும், எழுதுவதைக் காவல்துறைக்குக் காட்டவேண்டும் என்ற நிபந்தனைகளோடு அவர் வெளியே வந்தார். அவ்விடுதலைக்காக அறிந்தோர் சிலர் அரசிடம் எடுத்துப் பேசினர் என்பதும் வரலாறு. கவிஞர்கள் கூடும் நம் வட்டத்தார்க்கு இச்செய்தி புதிதன்று.

விசாரணையின்றி அடைக்கப்பட்டவனுக்காக யார் பேசுவது என்ற வினா, இதற்கு மூன்றாண்டு முன்னதாகவே கடலுக்கு அப்பால் ஒரு சிறிய தீவில் பேருருக் கொண்டு எழுந்தது. அங்கே சிறைப்பட்டவர்கள் சிங்களர், பௌத்தர். அவர்களுக்காக வாதாட எழுந்தவர் தமிழர், சைவர். அவர் பெயர் பொன்னம்பலம் இராமநாதன். நம் வட்டத்தின் பத்தாண்டு நிறைவு மலரில் அவர் வாழ்க்கையைச் சுருக்கமாக எழுதுவது, அவர் பெருமையை மட்டும் பாடுவதற்காக அன்று. அவருடைய பெருமையும் குறையும் ஒருங்கே நமக்குப் பாடமாகும் என்ற கருத்தினாலேயே ஆகும்.

குடியும் கல்வியும்

இராமநாதன் 1851 ஏப்ரல் 16 அன்று கொழும்பில் பிறந்தார். தந்தையார் பொன்னம்பல முதலியார், அரசுப் பணியில் உயர்நிலை பெற்றவர். கொழும்பு கொச்சிக்கடையில் பொன்னம்பலவாணேசுவரர் கோயிலை எழுப்பியவர். தாயார் செல்லாச்சி அம்மையார். அம்மான் சர் முத்துக்குமாரசுவாமி, அரிச்சந்திர நாடகத்தை 1863 இல் ஆங்கிலமாக்கி இலண்டனில் வெளியிட்டவர். இலங்கைச் சட்டசபையில் தமிழருக்காக அமர்ந்தவர். கலைமேதை ஆனந்த குமாரசுவாமி இவருடைய மைந்தர். ஆகவே இராமநாதனுக்கும் ஆனந்த குமாரசுவாமிக்கும் இருந்தது அம்மான் மகன், அத்தை மகன் என்ற உறவு. மூத்தவர் குமாரசுவாமி, நடுவர் இராமநாதன், இளையவர் அருணாசலம் என உடன்பிறந்த மூவருமே இலங்கையின் பொதுவாழ்வில் இடம்பெற்றவர்கள்.

கொழும்பில் தொடக்கக் கல்வி முடிந்ததும் இராமநாதன் சென்னைக்கு அனுப்பப்பட்டு மாநிலக் கல்லூரியில் பயின்றார். பின்னர்க் கொழும்பு திரும்பிச் சட்டம் கற்று 1874 இல் வழக்கறிஞரானார். பழைய தீர்ப்புகளைத் தேடித் தொகுத்து அச்சேற்றும் பணியை இளமையிலேயே மேற்கொண்டார். ஒரு நாட்டின் நீதிமன்றங்கள் முன்னர் என்ன சொல்லின என்பதை வரிவரியாக அறிந்திருந்த இப்பயிற்சி, நாற்பதாண்டு கழித்து அவருக்குக் கைகொடுத்தது.

1879 இல் அம்மான் மறைந்தபோது, அவ்விடத்தில் தமிழர் பிரதிநிதியாக இருபத்தெட்டு வயது இராமநாதன் சட்டசபையில் அமர்த்தப்பட்டார். அக்காலச் சட்டசபை மக்கள் தேர்ந்த அவையன்று. ஆளுநர் விரும்பியவரை இனத்துக்கு ஒருவர் என்ற கணக்கில் அமர்த்திய அவை. அந்த அவையிலும் அவர் தம் இனத்தாருக்காக மட்டும் பேசினாரல்லர். வெசாக் நாளைப் பொது விடுமுறையாக்க வேண்டும் என்று பௌத்தர் கேட்டபோது அவர்களுக்கு ஆதரவாக நின்றோருள் அவரும் ஒருவர். 1885 இல் அவ்விடுமுறை கிடைத்தது.

பின்னர் அரசின் சொலிசிட்டர் ஜெனரல் பதவியேற்று 1906 வரை பணியாற்றினார். குற்றவியல் வழக்குகளில் அரசின் பக்கம் நின்று வாதிட்ட அந்த அனுபவத்தால், அரசு எந்த எல்லைவரை போகலாம், எதற்கு அப்பால் போகலாகாது என்பதை உள்ளிருந்தே கற்றார்.

சமயத் தேட்டம்

இடையே அவர் வாழ்க்கையில் ஒரு திருப்பம் நிகழ்ந்தது. தஞ்சாவூரில் வாழ்ந்த அருட்பரானந்த சுவாமிகளைக் குருவாக அடைந்தார். சைவ சித்தாந்தமும் வேதாந்தமும் கற்ற அவர், கிறித்தவ வேதத்தின் மத்தேயு, யோவான் ஆகிய இரு நற்செய்திகளுக்கும் ஸ்ரீ பரானந்தா என்ற பெயரில் ஆங்கில உரை எழுதினார். அவை முறையே 1898 இலும் 1902 இலும் வெளிவந்தன. 1905, 1906 ஆம் ஆண்டுகளில் அமெரிக்கா சென்று சொற்பொழிவாற்றினார். பகவத்கீதையைத் தமிழாக்கி உரையுடன் வெளியிட்டார். தந்தை கட்டிய கொச்சிக்கடைக் கோயிலைத் தமிழ்நாட்டுக் கோயில் முறையில் முழுவதும் கருங்கல்லால் மீண்டும் எழுப்பினார்.

யாழ்ப்பாணத்து மருதனார்மடத்தில் 1913 இல் அவர் நிறுவிய இராமநாதன் கல்லூரி பெண்களுக்கானது. சைவப் பெண்கள் கல்வி கற்க வேண்டுமாயின் மிஷன் பள்ளிகளையே நாடவேண்டியிருந்த காலம் அது. அவருடைய மாணவியாக வந்து, பின்னர் வாழ்க்கைத் துணைவியான ஆஸ்திரேலிய நாட்டு அம்மையார், லீலாவதி இராமநாதன் என்ற பெயருடன் அக்கல்லூரிக்காகவே வாழ்ந்தார். 1921 இல் திருநெல்வேலியில், அதாவது யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், ஆண்களுக்கெனப் பரமேசுவரக் கல்லூரி எழுந்தது.

படித்தவர்க்கு ஒரு நாற்காலி

அரசியல் சீர்திருத்தம் என்ற சொல் இலங்கையில் உரக்க ஒலிக்கத் தொடங்கியது இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலேயாகும். அதன் விளைவாக வந்தது மிகச் சிறிய மாற்றம். 21 பேர் கொண்ட சட்டசபையில் அரசு அலுவலர் 11 பேர். மற்றையோர் 10 பேர். அப்பத்திலும் நால்வர்க்கே தேர்தல். அந்நால்வருள் இருவர் ஐரோப்பியர்க்கும் ஒருவர் பறங்கியர்க்கும் உரியவர். எஞ்சிய ஒரேயொரு நாற்காலிதான் படித்த இலங்கையர் என்ற பெயரில் சிங்களர், தமிழர், பிறர் அனைவர்க்கும் பொதுவாயிற்று. வாக்குரிமை பெற்றவர் ஏறத்தாழ மூவாயிரம் பேர்.

1911 டிசம்பரில் நடந்த அத்தேர்தலில், அறுபது வயது இராமநாதன், புகழ்பெற்ற சிங்கள மருத்துவரான மார்க்கஸ் பெர்னாண்டோவை வென்றார். வாக்காளரில் பெரும்பாலோர் சிங்களராயிருந்தும் தமிழர் வென்றது இன ஒற்றுமைக்குச் சான்றாகப் போற்றப்பட்டது. அதில் உண்மை உண்டு. சிங்களரிடையே நிலவிய சாதிப் பிணக்கும் அவ்வெற்றிக்கு உதவியது என்பதும் உண்மையே. வரலாற்றைப் படிப்போர் இரண்டையும் சேர்த்தே படிக்கவேண்டும். எவ்வாறாயினும், நான்காண்டுக்குப் பின் பெரும் இடர் வந்தபோது, நாடு முழுவதற்குமாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரே குரல் இராமநாதனுடையதாக இருந்தது.

1915

1815 இல் கண்டி அரசு ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. நாயக்க மரபின் இறுதி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் நம் வேலூர்க் கோட்டையில் குடும்பத்தோடு காவலில் வைக்கப்பட்டு 1832 இல் அங்கேயே இறந்தான். அந்நாளில் செய்த உடன்படிக்கையில், பௌத்த சமயத்துக்கும் அதன் சடங்குகளுக்கும் ஊறு நேராது என்று ஆங்கிலேயர் உறுதி கூறியிருந்தனர். அவ்வுறுதியை முன்வைத்தே கம்பளையில் பெரஹரா ஊர்வலம் பள்ளிவாசலைக் கடக்கும்போது மேளம் கொட்டலாமா என்ற வழக்கு எழுந்தது. கண்டி மாவட்ட நீதிபதி போல் பீரிஸ் 1914 இல் ஊர்வலத்தாருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். 1915 தொடக்கத்தில் உயர்நீதிமன்றம் அதனை மாற்றியது. உலகப் போரினால் பண்டங்களின் விலை ஏறிய நேரம். சில்லறை வணிகத்தில் தென்னிந்தியக் கரையிலிருந்து வந்த முஸ்லிம் வணிகர்மீது பகைமை மூண்டிருந்த நேரம். நூறாண்டு நிறைவு பெற்ற அதே ஆண்டில், மே 28 வெசாக் இரவில், கண்டியில் கலவரம் வெடித்தது. சில நாள்களில் கொழும்புக்கும் பிற இடங்களுக்கும் பரவியது. முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர், பெண்கள் இழிவுபடுத்தப்பட்டனர், 17 பள்ளிவாசல்கள் எரிக்கப்பட்டன, நாலாயிரத்துக்கு மேற்பட்ட கடைகள் சூறையாடப்பட்டன. தாக்கப்பட்டவர்களில் மிகப் பலர் தமிழ் பேசுவோர் என்பதை நாம் மறத்தலாகாது.

ஆளுநர் சர் ராபர்ட் சால்மர்ஸ் பாலி மொழியில் வல்லவர். புத்த ஜாதகக் கதைகளை மொழிபெயர்த்தவர். அம்மே மாதத்தில்தான் போர்முனையில் அவருடைய இரு மகன்களும் மாண்டனர். ஜூன் 2 அன்று அவர் இராணுவச் சட்டத்தை அறிவித்தார். அதிகாரம் படைத்தளபதி மால்கம் கையில் சென்றது. கலகக் கூட்டம் சில நாள்களிலேயே ஓய்ந்துவிட்டது. இராணுவச் சட்டமோ ஆகஸ்ட் 30 வரை நீடித்தது. நிகழ்ந்தது ஜெர்மனியர் தூண்டுதலால் எழுந்த அரசியல் சதியாக இருக்கலாம் என்ற ஐயம் ஆட்சியாளரைப் பற்றிக்கொண்டது.

அதன் பயனாக, மதுவிலக்கு இயக்கத்திலும் பௌத்தக் கல்வி இயக்கத்திலும் முன்னின்றவர்கள் வீடுகளிலிருந்து இழுத்துச் செல்லப்பட்டனர். டி. பி. ஜயதிலக்க, எப். ஆர். சேனநாயக்க, அவர் தம்பி டி. எஸ். சேனநாயக்க, டபிள்யூ. ஏ. டி சில்வா, ஏ. ஈ. குணசிங்க முதலியோர் அடைக்கப்பட்டனர். டி. எஸ். சேனநாயக்க குற்றச்சாட்டு எதுவுமின்றி 46 நாள் சிறையில் இருந்தார். அநகாரிக தர்மபாலரின் தம்பி எட்மண்ட் ஹேவாவிதாரண சிறைத் தண்டனைக் காலத்தில் யாழ்ப்பாணச் சிறையிலே உயிர் நீத்தார். கொழும்பு நகரக் காவற்படையில் அதிகாரியாயிருந்த ஹென்றி பேதிரிஸ் என்ற 26 வயது இளைஞரை இராணுவ நீதிமன்றம் குற்றவாளி என்றது. ஜூலை 7 அன்று வெலிக்கடைச் சிறையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் அமர்ந்திருந்த குருதி தோய்ந்த நாற்காலியை மற்றக் கைதிகளுக்குக் காட்டினர் என்று சொல்வர். ஊர்களில் வழக்கு விசாரணை ஏதுமின்றியே சிலர் சுவரோரம் நிறுத்திச் சுடப்பட்டனர். படையினராலும் காவலராலும் இறந்தோர் அரசுக் கணக்கிலேயே அறுபதுக்கு மேற்பட்டோர். இப்பணிக்கு அனுப்பப்பட்ட படையில் பஞ்சாபியரும் இருந்தனர். நான்காண்டு சென்று அதே பஞ்சாபில் இராணுவச் சட்டமும் ஜாலியன்வாலாபாகும் வரும் என்பதை அன்று யார் அறிவர்?

இராமநாதன் வாதம்

தலைவர்கள் சிறையில், வெளியே இருந்தோர்க்கு வாய் திறக்க அச்சம், செய்தித்தாள்கள் தணிக்கையில். அந்த மௌனத்தில் இராமநாதன் சட்டசபையில் எழுந்தார். அவர் ஆற்றிய உரைகளும் அவற்றோடு சேர்த்த சான்றுகளும் 1916 இல் இலண்டனில் இலங்கைக் கலவரமும் இராணுவச் சட்டமும் என்ற பொருள்படும் நூலாக வெளிவந்தன. அவ்வாதத்தின் கட்டமைப்பைச் சொந்தச் சொற்களில் சொல்லிப் பார்ப்போம்.

முதலாவது, நிகழ்ந்தது இரு சமயத்தாரிடையே மூண்ட கலகமே அன்றி அரசை எதிர்த்த கிளர்ச்சி அன்று. கிளர்ச்சி இல்லாத இடத்தில் அரசத் துரோகம் என்ற குற்றம் எங்கிருந்து வரும்? இரண்டாவது, இயல்பான நீதிமன்றங்கள் திறந்திருக்கையில் குடிமக்களை இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தியது ஏன்? மூன்றாவது, கலகம் ஓய்ந்த பின்னும் இராணுவச் சட்டத்தைத் தொடர்ந்தது எதற்காக? நான்காவது, சூறைக்கு ஈடாகப் பணம் வசூலிக்கையில், குற்றம் செய்தவன் யார் என்று பாராமல், ஓரூரில் வாழும் சிங்களர் அனைவர்மீதும் சுமை ஏற்றியது எந்த நீதி? செல்வரிடம் துப்பாக்கி முனையில் பிணைப்பத்திரங்கள் வாங்கப்பட்டன என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். ஐந்தாவது, அதிகாரிகள் செய்த எதற்கும் பின்னர் வழக்குத் தொடர முடியாதபடி காப்பளிக்கும் விதி, குற்றத்தை மூடும் போர்வையாகும்.

இவற்றுள் எதுவும் உணர்ச்சி வேகத்தில் எறிந்த சொல்லன்று. சொலிசிட்டர் ஜெனரலாக அரசுக்காக வாதிட்டவர், அதே அரசின் சட்டப் புத்தகத்தைத் திறந்துவைத்து, இன்ன பக்கத்தில் நீரே எழுதியதை நீரே மீறினீர் என்று காட்டிய வாதம் அது. ஆட்சியை அவர் வெறுத்தவரல்லர். பிரித்தானியப் பேரரசின்மீது அவருக்குப் பற்று உண்டு. அதனால்தான் அவர் சொல்லைத் துரோகியின் சொல் என்று ஒதுக்க ஆட்சியாளரால் முடியவில்லை.

கொழும்பில் பேசியது போதாதெனக் கண்டு, 64 வயதில் அவர் இங்கிலாந்து புறப்பட்டார். ஜெர்மன் நீர்மூழ்கிகள் கப்பல்களைக் கவிழ்த்துக்கொண்டிருந்த காலம். இலண்டனில் குடியேற்ற நாட்டு அமைச்சகத்தாரிடம் வழக்கை எடுத்துரைத்தார். அதே நோக்கத்தோடு ஈ. டபிள்யூ. பெரேரா என்ற சிங்களக் கிறித்தவ வழக்கறிஞரும் இலண்டன் சென்றார். கண்டவுடன் சுடலாம் என்ற ஆணையின் நகலைச் சோதனைக்குத் தப்பக் காலணிக்குள் மறைத்து அவர் கொண்டுசென்ற கதை இலங்கையில் இன்றும் வழங்குகிறது. ஒரு சைவரும் ஒரு கிறித்தவருமாகப் பௌத்தர்களுக்காகக் கடல் கடந்தனர் என்பதே இதில் நாம் நெஞ்சிற் கொள்ளத்தக்கது.

1915 முடிவில் சால்மர்ஸ் இலங்கையை விட்டு அகன்றார். அடுத்து வந்த ஆளுநர் சர் ஜான் ஆண்டர்சன், விசாரணையின்றிச் சுடப்பட்ட நிகழ்ச்சிகளை ஆராய ஒரு குழுவை அமைத்தார். அச்சூடுகளை இராணுவச் சட்டத்தைக் காட்டியும் நியாயப்படுத்த இயலாது என்று குழு கண்டது. இறந்தவர் மீளவில்லை; ஆயினும் நிகழ்ந்தது அநீதி என்பது அரசின் ஏட்டிலேயே பதிவாயிற்று.

இராமநாதன் கொழும்புத் துறையில் இறங்கியபோது, அவரது வண்டியின் குதிரைகளை அவிழ்த்துவிட்டுச் சிங்களத் தலைவர்களும் இளைஞர்களும் தாமே நுகத்தைப் பற்றி, வார்டு பிளேஸில் இருந்த சுகஸ்தான் என்ற அவருடைய இல்லம் வரை இழுத்துச் சென்றனர். இலங்கை வரலாற்றில் ஒரு தமிழனுக்குச் சிங்களர் தந்த வரவேற்புகளுள் இதற்கு ஈடு பிறிதொன்று இல்லை எனலாம்.

நாணயத்தின் மறுபக்கம்

இவ்விடத்தில் கட்டுரையை முடித்துவிட்டால் இனிக்கும். ஆனால் முழுமை பெறாது.

சூறையாடப்பட்ட முஸ்லிம்களின் துயரை இராமநாதன் போதிய அளவு பேசவில்லை என்ற மனக்குறை அச்சமூகத்தில் நெடுங்காலம் நின்றது. அதற்கு முன்னரே 1880களில், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று அவர் ஆய்வுரை நிகழ்த்தியிருந்தார். சட்டசபையில் தமக்கெனத் தனி இடம் கேட்டுக்கொண்டிருந்த அம்மக்கள், அவ்வுரையைத் தங்கள் தனித்தன்மையை மறுக்கும் முயற்சியாகவே கண்டனர். 1907 இல் ஐ. எல். எம். அப்துல் அசீஸ் அதற்கு மறுப்பு நூலே எழுதினார். ஆகவே 1915 இல் இராமநாதன் எழுந்து நின்றபோது, அடைக்கப்பட்ட சிங்களர் நன்றியோடு கேட்ட அதே குரலை, கடை எரிந்து நின்ற முஸ்லிம் வணிகர் வேறுவிதமாகக் கேட்டார். குற்றம் சாட்டப்பட்டவனுக்கு நியாயமான விசாரணை வேண்டும் என்று வாதிடுவதும், தாக்கப்பட்டவனின் கண்ணீரைத் துடைப்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல. இரண்டையும் ஒரே மூச்சில் செய்யும் நிறைவு அவருக்கு வாய்க்கவில்லை.

அடுத்தது வாக்குரிமை. 1915 இன் காயமே இலங்கையில் சீர்திருத்த இயக்கத்துக்கு வேகம் தந்தது. இளையவர் சர் பொன்னம்பலம் அருணாசலம் 1917 இல் சீர்திருத்தக் கழகத்தை அமைத்தார். 1919 இல் பிறந்த இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவருமானார். தோட்டத்தில் வேலை செய்யும் தமிழ்நாட்டுத் தொழிலாளி ஒப்பந்தத்தை மீறினால் சிறை என்ற கொடுஞ்சட்டத்தை ஒழிக்கப் பாடுபட்டவரும் அவரே; 1921 இல் அது நீங்கியது. திருச்சி, சேலம், புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து கப்பலேறிய நம்மவர்க்குக் கிடைத்த அந்த விடுதலையை நாம் நன்றியோடு நினைக்கவேண்டும். மேல்மாகாணத்தில் தமிழருக்கு ஓரிடம் தருவதாகச் சிங்களத் தலைவர்கள் எழுத்தில் தந்த வாக்குறுதி 1921 இல் காற்றில் போனபோது, அருணாசலம் தாம் வளர்த்த காங்கிரசை விட்டே வெளியேறினார். 1924 ஜனவரியில் தல யாத்திரையாக வந்தவிடத்தில், மதுரையில் அவர் உயிர் பிரிந்தது.

தம்பி தொழிலாளர் பக்கம் நடக்க, தமையனோ வேறு திசையில் நின்றார். 1927 இல் வந்த டொனமூர் குழு, 21 வயது நிரம்பிய ஆண்களுக்கும் 30 வயது நிரம்பிய பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டும் என்று பரிந்துரைத்தபோது இராமநாதன் அதனை எதிர்த்தார். பெண்களுக்குக் கல்லூரி கண்டவர் பெண்களுக்கு வாக்குரிமை தர இசையவில்லை. கல்லாத எளியவர்க்கும் தாழ்த்தப்பட்டோர்க்கும் அவ்வுரிமை செல்வதையும் அவர் விரும்பவில்லை. சிறுபான்மையினருக்கு இருந்த காப்புகளை நீக்கினால் பெரும்பான்மையின் ஆட்சி வரும் என்ற அவருடைய அச்சத்தில் பொருள் இருந்தது; பின்னாள் வரலாறு அதனை மெய்ப்பித்தும் காட்டியது. ஆனால் அந்த அச்சத்தோடு குலவுயர்ச்சி எண்ணமும் கலந்திருந்தது என்பதை மறைத்தல் தகாது. 1929 டிசம்பரில் 19 வாக்குக்கு 17 என்ற மிகச் சிறு வேறுபாட்டில் சட்டசபை டொனமூர்த் திட்டத்தை ஏற்றது. 1930 இல் தளர்ந்த உடலோடு மீண்டும் இங்கிலாந்து சென்று முறையிட்டார், இம்முறை பயனில்லை. அவ்வாண்டு நவம்பரில் கொழும்பில் மறைந்தார். அவர் சமாதி மருதனார்மடத்தில் அவர் கண்ட பெண்கள் கல்லூரி வளாகத்தில் உள்ளது.

பின்னர் நிகழ்ந்தவை

சிறையிலிருந்து மீண்ட டி. பி. ஜயதிலக்க 1931 இல் அரசு சபையின் தலைவரானார். டி. எஸ். சேனநாயக்க சுதந்திர இலங்கையின் முதற் பிரதமரானார். குற்றம் சாட்டப்படாமலே 46 நாள் அடைபட்டுக் கிடந்த அவருடைய ஆட்சியில்தான், 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தினால் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராயினர். அநீதியை நுகர்ந்தவர் அதனைப் பிறர்க்குச் செய்யார் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

1979 இல் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தது. தற்காலிகம் என்று சொல்லி வந்த அது 1982 இல் நிரந்தரமாக்கப்பட்டது. அமைச்சரின் ஆணை ஒன்றால் ஒருவரைப் பதினெட்டு மாதம் வரை விசாரணையின்றி வைக்க அது இடமளித்தது. காவல் அதிகாரியிடம் தந்த வாக்குமூலத்தையே சான்றாகக் கொள்ளவும் இடமளித்தது. நாற்பதாண்டு கழித்து 2022 இல் வந்த திருத்தத்தில் பதினெட்டு மாதம் பன்னிரண்டு ஆயிற்று. 1983 ஜூலை 25 இலும் 27 இலும், அச்சட்டத்தின் கீழ் அடைக்கப்பட்டோர் உள்ளிட்ட 53 தமிழ்க் கைதிகள், காவலில் இருக்கையிலேயே அடித்தும் வெட்டியும் கொல்லப்பட்டனர். அந்த இடம் அதே வெலிக்கடைச் சிறை; 1915 இல் பேதிரிஸ் சுடப்பட்ட சிறை. அந்த நாள்களில் கொழும்பின் அதிகார அவைகளில் ஓர் இராமநாதனைப் போல், ஒரு சிங்களத் தலைவர் எழுந்து நின்று தமிழ்க் கைதிகளுக்காக நாடு அதிர வாதிட்டிருந்தால் வரலாறு வேறு வழியில் சென்றிருக்குமோ என்ற ஏக்கம் ஈழத்தவர் பலர் நெஞ்சில் உண்டு. மனச்சான்றுடைய சிங்களர் சிலர் பேசாமலில்லை. அவர்கள் குரல் ஆட்சியின் செவிக்கு எட்டவில்லை.

இது அயல்நாட்டுக் கதை என்று நாம் அமைதி கொள்ளவும் வழியில்லை. 1950 பிப்ரவரியில் சேலம் சிறையில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் சுட்டுக் கொல்லப்பட்டனர். நெருக்கடி நிலைக் காலத்து மிசாவை நம்முள் மூத்தோர் அறிவர். 1976 இல் நம் உச்ச நீதிமன்றமே, அடைக்கப்பட்டவன் நெருக்கடிக் காலத்தில் நீதிமன்றக் கதவைத் தட்ட முடியாது என்று தீர்ப்பளித்தது. 2017 இல்தான் அத்தீர்ப்பு பிழையென அந்நீதிமன்றத்தாலேயே ஒதுக்கப்பட்டது.

கவிஞர்க்கு ஒரு சொல்

பல மாவட்டத்தாரும் பல மொழியினரும் பல சமயத்தினரும் தொழில் நிமித்தம் ஒன்றுகூடி வாழும் நகரியம் நம்முடையது. அடுத்த வீட்டார் நம் மொழியினராக இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இங்கே இல்லை. இத்தகைய ஊரில் பத்தாண்டு நடந்த ஓர் இலக்கிய வட்டத்தில், தன்னவர்க்காகப் பாடும் பாட்டு எளிதில் பிறக்கிறது; கைத்தட்டலும் எளிதில் கிடைக்கிறது. தன்னவர் அல்லாதார்க்கு நேர்ந்த அநீதியைத் தன் நாவால் சொல்வதே அரிது. இராமநாதன் அதை ஒருமுறை முழுமையாகச் செய்தார். அதனால் அவர் பெயர் நிலைத்தது. முஸ்லிமுக்கும் ஏழைக்கும் பெண்ணுக்கும் அதே நாவு நீளாதபோது அவர் தம் உயரத்திலிருந்து தாழ்ந்தார். இரண்டையும் அவர் வாழ்விலிருந்தே நாம் கற்கிறோம்.

அவர் கட்டிய பரமேசுவரக் கல்லூரியின் வளாகத்தில் 1974 இல் பல்கலைக்கழகம் பிறந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் என இன்று நாம் அறிவது அதுவே. போர் ஆண்டுகளில் அங்கே பயின்ற பிள்ளைகளுள் எத்தனையோ பேர் அதே தடைச் சட்டத்தின் கீழ் சிறை கண்டனர். அவர்களுள் கவிதை எழுதியவரும் உண்டு. அவர்தம் வரிகள் கடல் கடந்து நம் கைக்கு வரும்போது, படித்துவிட்டு மூடி வைக்காமல், நம் கூட்டங்களில் உரக்கப் படிக்கவேண்டும் என்பது வட்டத்து அன்பர்களிடம் இம்மலர் வழியே வைக்கும் வேண்டுகோள்.